காத்திருப்பது பொறுமையா, ஆசையா?

குளுவாங் பக்கத்தில் ஒரு தோட்டத்து லயத்தில்தான் என் பாட்டி நாற்பது வருடத்துக்கு மேல் இருந்தார். லயத்தை உடைக்கப் போகிறார்கள், எல்லோரும் வீட்டைக் காலி செய்யணும் என்று தகவல் வந்த சமயம், நான் விடுமுறைக்கு அங்கே போயிருந்தேன். "தம்பி, இந்த வாசல்ல என்னை ஒரு படம் புடிச்சுக் குடுய்யா" என்று கேட்டார். "கொஞ்சம் பொறுங்க பாட்டி. புது கேமரா ஒன்னு வரப்போவுது. வந்ததும் நல்லா எடுத்துத் தர்றேன்" என்றேன்.

புது கேமரா வரவில்லை. லயம் போய்விட்டது. பாட்டி இப்போது ஸ்கூடாயில் எங்களோடு அடுக்குமாடி வீட்டில் இருக்கிறார்.

கைத்தொலைபேசி இருந்ததே, அதில் எடுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். இருந்தது. அன்று அதில்தான் அடுத்த கேமராவைப் பற்றிய வதந்திகளைப் படித்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்ததே தாத்தாவின் பழைய யாஷிகா எலெக்ட்ரோ 35-ஆல்தான். அது ஃபிலிம் போட்டு எடுக்கும் ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா. கண் வைத்துப் பார்க்கும் சன்னலின் நடுவே, சின்னக் கட்டத்தில், ஒரே முகம் இரண்டாகத் தெரியும். லென்ஸ் வளையத்தைத் திருப்பத் திருப்ப இரண்டும் நெருங்கி ஒன்றாகும். ஒன்றானால் படம் தெளிவாக விழும். இதை ஒரு தடவை செய்து பார்த்தவனுக்கு விட மனசு வராது.

இதன் டிஜிட்டல் வடிவம் வர ரொம்ப நாள் ஆனது. 2004-ல் எப்சன் நிறுவனம் ஆர்-டி1 என்ற 6 மெகாபிக்சல் கேமராவைக் கொண்டு வந்தது. லைக்காவின் எம்8 வந்தது 2006-ல். ரேஞ்ச்ஃபைண்டர் லென்ஸ்கள் சென்சாருக்கு மிக அருகில் உட்காருவதால், ஓரங்களில் ஒளி சாய்வாக விழும். ஃபிலிமுக்கு அது பெரிய பிரச்சனை இல்லை, சென்சாருக்குப் பிரச்சனை. அதைச் சமாளிக்க எம்8-ல் சென்சார் மேல் இருக்கும் வடிகட்டியை மெல்லிசாக வைத்தார்கள். அகச்சிவப்புக் கதிர் உள்ளே புகுந்து, செயற்கை இழைக் கறுப்புத் துணி ஊதாவாகத் தெரிந்தது! 2009-ல் எம்9, முழு அளவு சென்சாரோடு வந்தது. 2022-ல் எம்11, 60 மெகாபிக்சல். வந்தபோது விலை கிட்டத்தட்ட 9,000 அமெரிக்க டாலர். 2025 அக்டோபரில் வந்த எம் இவி1-ல் அந்த இரட்டை உருவச் சன்னலே இல்லை, மின்னணுத் திரைதான். அடுத்த எம் எப்படி இருக்கும், பழைய சன்னல் நிலைக்குமா, எந்த லென்ஸ் புதிதாக வரும் என்று இப்போது ஆளுக்கொரு ஊகம்.

ட்யூஷன் சொல்லிக் கொடுத்து 3,000 ரிங்கிட் சேர்த்து வைத்திருக்கும் நான் புது லைக்கா வாங்க முடியுமா? முடியாது. என் கணக்கு வேறு. புதுசு வந்தால் பழசின் விலை இறங்கும், அப்போது ஒரு பழைய எம் வாங்கலாம். அதனால் காத்திருந்தேன். இதில் எனக்கு ஒரு பெருமையும் இருந்தது. 'பார், நான் கண்டதையும் வாங்குகிறவன் இல்லை, எனக்குப் பொறுமை இருக்கு' என்று நினைத்துக்கொண்டேன்.

அது பொறுமைதானா? என் கேள்வி இதுதான், நண்பர்களே.

பகவத் கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில், 62, 63-ஆம் சுலோகங்களில், மனிதன் எப்படிச் சரிகிறான் என்பதைக் கண்ணன் படிப்படியாகச் சொல்கிறான். முதல் படி பொருளை வாங்குவது இல்லை, அனுபவிப்பதும் இல்லை. அதையே நினைத்துக்கொண்டிருப்பது. நினைப்பிலிருந்து பற்று, பற்றிலிருந்து ஆசை, ஆசையிலிருந்து கோபம் என்று அது போகிறது. வாங்கவில்லை என்பதால் எனக்கு ஆசை இல்லை என்று நான் போட்ட கணக்கு அங்கேயே தப்பு. வாங்கியவனாவது கேமராவை எடுத்துக்கொண்டு வெளியே போயிருப்பான். நான் இரண்டு வருடமாக இல்லாத ஒரு கேமராவோடு குடும்பம் நடத்திக்கொண்டிருந்தேன்.

பாட்டியும் காத்திருந்தவர்தான். விடிவதற்கு முன்னே எழுந்து பால் மரம் வெட்டி, மங்கில் பால் சொட்டக் காத்திருந்து, பிறகு வாளியில் சேர்த்துத் தூக்கிப் போனவர். அந்தக் காத்திருப்புக்கு முன்னால் ஒரு வேலை இருந்தது, பின்னால் ஒரு வேலை இருந்தது. என்னுடையதில் எதுவுமே இல்லை. இரண்டுக்கும் ஒரே பேர் வைக்கலாமா?

என் அறைத் தோழன் விடவில்லை. "ஆசையே கூடாதுன்னா நாம எதுக்குடா பொறியியல் படிக்கிறோம்? இருக்கிறது போதும்னு எல்லாரும் நெனச்சிருந்தா கேமராவே வந்திருக்காதே!" நியாயமான கேள்வி. லைக்காவை உருவாக்கிய ஓஸ்கார் பார்னாக்கும் ஆசைப்பட்டவர்தான். கனமான தட்டுக் கேமராவைத் தூக்கிக்கொண்டு அலைய அவர் உடம்பு இடம் கொடுக்கவில்லை. சின்னதாக ஒன்று வேண்டும் என்று நினைத்தார், 1914 வாக்கில் தானே செய்தும் பார்த்தார். அந்த ஆசை, செய்துகொண்டிருந்த வேலையில் வந்த ஒரு இடைஞ்சலிலிருந்து பிறந்தது. என் ஆசை எங்கிருந்து வந்தது? தாத்தாவின் கேமராவால் எடுக்க முடியாத படம் என்று ஒன்றையாவது நான் கண்டேனா? இல்லை. நான்தான் அதில் ஃபிலிமே போடவில்லையே.

இதற்கு நம்மவர்கள் அறிய வேண்டிய ஒரு சம்பவம் உண்டு. 1950 ஏப்ரலில், பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஹென்றி கார்ட்டியே-பிரெஸ்ஸான் திருவண்ணாமலையில் இருந்தார். ரமண மகரிஷியின் கடைசி நாள்கள் அவை. ஏப்ரல் 14 இரவு 8.47-க்கு மகரிஷி சமாதி அடைந்தபோது, வானத்தில் ஒரு ஒளி நகர்ந்து போனதைப் பார்த்ததாக அவர் சொல்லியிருக்கிறார். அந்த நாள்களில் அவர் எடுத்த மகரிஷியின் படங்கள் இன்றும் நமக்கு இருக்கின்றன.

அவர் கையில் இருந்தது லைக்கா ரேஞ்ச்ஃபைண்டர். அன்றைய லைக்காவில் தூரம் பார்க்க ஒரு துவாரம், படத்தின் எல்லை பார்க்க இன்னொரு துவாரம். இரண்டையும் ஒரே சன்னலில் சேர்த்த எம்3 வந்தது 1954-ல். நல்ல கேமரா வரட்டும் என்று அவர் நான்கு வருடம் பொறுத்திருந்தால்?

கோவணமும் கமண்டலமும் போதும் என்று 54 வருடம் அந்த மலையடிவாரத்தில் இருந்தவர் மகரிஷி. எந்த எண்ணம் வந்தாலும் அதை விரட்ட வேண்டாம், 'இது யாருக்கு வந்தது?' என்று கேள் என்பது அவர் காட்டிய வழி. பெரிய ஞானத்துக்கு இல்லை, என் சின்ன விஷயத்துக்கு அதைக் கேட்டுப் பார்த்தேன். புது கேமரா வேண்டும் என்ற எண்ணம் யாருக்கு? படம் எடுக்கிறவனுக்கா? அப்படி ஒருவன் அங்கே இல்லை. நல்ல கேமரா வைத்திருப்பவன் என்று பேர் வாங்க நினைத்த ஒருவன்தான் இருந்தான்.

வதந்தி படிப்பதை விட்டுவிட்டேன் என்று பொய் சொல்ல மாட்டேன். இன்னும் சில ராத்திரி கை அந்தப் பக்கம் போகிறது. ஆனால் போன மாதம் யாஷிகாவில் ஃபிலிம் போட்டேன். அடுக்குமாடி நடைபாதையில் பாட்டியை உட்கார வைத்து, சன்னலில் தெரிந்த இரண்டு பாட்டியையும் ஒன்றாக்கி, படம் எடுத்தேன். கழுவி வந்த படத்தைப் பாட்டி ரொம்ப நேரம் பார்த்தார்.

"மொகம் நல்லா விழுந்திருக்குய்யா. வாசலத்தான் காணோம்" என்றார்.

உங்கள் பக்கத்திலும் ஒரு லயம் இருக்கும், இடம் மாறப்போகிற ஒரு தோட்டத்துக் கோயில் இருக்கும், படம் எடுத்துக் கொடு என்று கேட்ட ஒருவர் இருப்பார். இந்த வாரக் கடைசியிலேயே போங்கள். கையில் என்ன கேமரா இருக்கிறதோ, அதை எடுத்துக்கொண்டு போங்கள்.