தட்டும் தராசும்

பள்ளி விளையாட்டு விழாவுக்கு ஒரு வீராங்கனையை அழைத்தால், அவர் பேசி முடிக்கும்போது மூன்று அறிவுரைகள் மிஞ்சும். இலக்கை முடிவு செய். உன்னை நம்பு. சத்தாகச் சாப்பிடு. மல்யுத்த வீராங்கனைகளின் பேட்டிகளிலும் இவைதான் திரும்பத் திரும்ப வருகின்றன. சொல்பவர் பொய் சொல்லவில்லை. அவர் வாழ்க்கையில் அவை பலன் தந்திருக்கின்றன.

என் கேள்வி கேட்பவளைப் பற்றியது. புதுக்கோட்டை மாவட்டத்தின் குளத்தூர் வட்டம் வானம் பார்த்த பூமி. கடலைக் கொல்லைக்கும் நூறு நாள் வேலைக்கும் போய்வரும் அம்மாக்களின் பிள்ளைகள்தான் இங்கே அரசுப் பள்ளிகளில் படிக்கிறார்கள். கபடி, கோகோ, ஓட்டம் ஆகியவை அவர்களுக்குத் தெரிந்த விளையாட்டுகள். மல்யுத்தத்தைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பார்கள். அப்படி ஒரு பதினைந்து வயதுப் பெண்ணிடம் அந்த மூன்றையும் சொன்னால், அவற்றில் எது அவள் கையில் இருக்கிறது? கையில் இல்லாத ஒன்றைச் செய் என்று சொல்வதை அறிவுரை என்பதா, நாளை அவள் தோற்றால் சுமத்த வேண்டிய பழியை இன்றே அவள் தலையில் ஏற்றிவைப்பது என்பதா?

யாருக்காகச் சாப்பிடுவது?

சாப்பாட்டிலிருந்து தொடங்குவோம். எங்கள் பக்கம் ஜல்லிக்கட்டுக் காளைக்கு என்ன கொடுக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். பருத்திக்கொட்டை, புண்ணாக்கு, உளுந்து, பேரீச்சம்பழம். பல வீடுகளில் அதை அரைத்துக் கரைத்து வைப்பதே பெண்கள்தான். களத்தில் இறங்கப்போகிற உடம்புக்குத் தீனி வேண்டும் என்ற அறிவு நமக்குக் குறைவாக இல்லை.

பெண் உடம்புக்கும் நாம் தனியாகச் சமைத்துப் போட்டதுண்டு. பெண் பெரியவளானதும் உளுந்தங்களி, நல்லெண்ணெய், நாட்டுக்கோழி முட்டை. கேட்டால் 'இடுப்புக்குப் பலம்' என்பார்கள். பிறகு கர்ப்பத்தில் ஒருமுறை, பிள்ளை பெற்றதும் ஒருமுறை. மூன்று தருணத்திலும் அந்தச் சாப்பாடு அவள் வழியாக இன்னொருவருக்குப் போகிறது. பிறக்கப்போகிற பிள்ளைக்கும் பால் குடிக்கிற பிள்ளைக்கும். இடைப்பட்ட ஆண்டுகளில் அவள் கடைசியாகச் சாப்பிடுகிறவள். குழம்பில் மீனின் நடுத்துண்டு யாருக்கு என்று யாரும் உரக்கச் சொல்வதில்லை. சொல்லாமலே எல்லோருக்கும் தெரியும்.

இதன் விளைவை எண்ணிலும் பார்க்கலாம். 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையிலான பெண்களில் 53.4 சதவீதத்தினருக்கு ரத்தசோகை இருந்தது. காமராசர் காலத்து மதிய உணவும், 1982இல் விரிவான சத்துணவும், 2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டமும் கண்ட மாநிலம் இது. பள்ளியில் கிடைக்கும் ஒரு முட்டை சுமார் ஆறு கிராம் புரதம். அந்த முட்டையின் அருமை, தட்டில் அண்ணனுக்கும் தங்கைக்கும் அது ஒரே அளவாக விழுவதில் இருக்கிறது. வீட்டில் நடக்காத சமத்துவம் அங்கே நடக்கிறது.

மல்யுத்த வீராங்கனை சத்தாகச் சாப்பிடு என்று சொல்வதன் புதுமை இந்தப் பின்னணியில்தான் புரியும். பாலும் முட்டையும் பயறும் நல்லவை என்பது புதுச் செய்தி இல்லை. 'என் தோளுக்காக, என் தொடைக்காக நான் சாப்பிடுகிறேன்' என்று ஒரு பெண் சொல்வதுதான் புதிது. யாருக்கும் பிள்ளை பெற்றுத் தருவதற்காக இல்லாமல், தன் உடம்பு தனக்கு வேண்டும் என்பதற்காகச் சாப்பிடுவது. நம் ஊரில் இதற்குத் 'தின்னி' என்று பெயர் வைப்பார்கள். பெண்ணுக்கு மட்டும் அது வசவு.

ஆனாலும் அவள் தட்டு உண்மையிலேயே அவளுடையதா என்று கேட்க வேண்டியிருக்கிறது. ஹரியானாவின் பலாலி கிராமத்தில் மகாவீர் போகாட் தன் மகள்களையும், தம்பி இறந்தபின் தம்பி மகள் வினேஷையும் ஊர்ப் பேச்சை மீறிக் கோதாவில் இறக்கினார். அவர்களில் கீதா 2010 காமன்வெல்த் விளையாட்டில் தங்கம் வென்றார். பெண்பிள்ளைகளுக்குத் தீனியும் பயிற்சியும் தந்தது பெரிய காரியம். அதே சமயம் எப்போது எழுவது, எப்படி முடி வெட்டுவது, என்ன சாப்பிடுவது எல்லாம் பெரியவர் முடிவு. அந்தப் பெண்கள் வளர்ந்தபின் அதே தட்டு எடைப் பிரிவின் கைக்குப் போயிற்று. பதக்கத்துக்காக ஊட்டிய உடம்பைப் பதக்கத்துக்காகவே பட்டினி போடுவார்கள். தேவைக்குக் குறைவாகச் சாப்பிட்டுக் கடுமையாகப் பயிற்சி செய்யும் பெண்களுக்கு மாதவிடாய் நின்றுபோவதும் எலும்பு பலவீனமடைவதும் நெடுநாளாகத் தெரிந்தவை. இந்த ஆற்றல் பற்றாக்குறைக்கு சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014இல் தனிப்பெயரே வைத்தது. ஆக, நிறையச் சாப்பிடுவதோ குறைத்துச் சாப்பிடுவதோ மட்டும் விடுதலை ஆகாது. யாருக்காக, யார் முடிவில் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

நம்பிக்கை எங்கிருந்து வருகிறது?

தன்னம்பிக்கை மனசுக்குள் இருக்கும் விளக்கு, திரியைத் தூண்டினால் போதும் என்பது போலப் பேசுகிறோம். மல்யுத்தம் வேறு பாடம் சொல்கிறது. அங்கே முதலில் விழக் கற்றுக்கொடுக்கிறார்கள். முதுகு தரையில் படுவதற்குள் தாடையை நெஞ்சோடு சேர்ப்பதும், கையை ஊன்றாமல் விழுவதும் நூறு முறை பழகிய பின்னால், விழுவதைப் பற்றிய பயம் கொஞ்சம் கொஞ்சமாகப் போகிறது. அதை நம்பிக்கை என்பதைவிட அறிவு என்றே சொல்லலாம். 'என்னால் முடியும்' என்ற வாக்கியத்தை உடம்பு அனுபவித்துத் தெரிந்துகொள்கிறது.

அமெரிக்கத் தத்துவவாதி ஐரிஸ் மரியன் யங் 1980இல் எழுதிய ஒரு கட்டுரையில், பெண்பிள்ளைகள் பந்தை எறியும்போது ஏன் முழு உடம்பையும் பயன்படுத்துவதில்லை என்று கேட்டார். காரணம் தசையில் மட்டும் இல்லை. தன் உடம்பைப் பிறர் பார்க்கும் பொருளாகவே நினைத்து வளர்ந்தவள், இடத்தை அடைத்துக்கொள்ளத் தயங்குகிறாள் என்றார். காலைச் சேர்த்து உட்கார், ஓடாதே, குலுங்காமல் நட என்று கேட்டு வளர்ந்த நமக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

இந்தத் தயக்கம் உடைந்ததை எங்கள் மாவட்டம் ஒருமுறை கண்டிருக்கிறது. 1991இல் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சைக்கிளையும் கையில் எடுத்தது. அப்போதைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதை ஊக்குவித்தார். கல்குவாரியில் வேலை பார்த்த பெண்களும் விவசாயக் கூலிகளும் செவிலியர்களும் ஆயிரக்கணக்கில் சைக்கிள் பழகினார்கள். பெண்களுக்கான சைக்கிள் கிடைக்காதபோது ஆண்கள் சைக்கிளில் ஏறினார்கள். 'உன்னை நம்பு' என்று பேசிவிட்டு யாரும் போய்விடவில்லை. வங்கிக் கடன் வந்தது, பழகித்தரத் தோழிகள் வந்தார்கள், விழுந்தால் கூடச் சேர்ந்து சிரிக்க ஒரு கூட்டம் இருந்தது. நம்பிக்கை அதற்குப் பிறகு வந்தது. பத்துப் பெண்கள் சேர்ந்து ஓட்டும்போது கேலி செய்கிறவன் வாயை மூடிக்கொள்கிறான். அதில் பாதி நம்பிக்கை பிறந்துவிடுகிறது.

இன்னொரு படியும் உண்டு. ஒருத்தி தன்னை நம்பினால் போதாது. அவள் சொல்வதை மற்றவர்களும் நம்ப வேண்டும். 2023 ஜனவரியில் வினேஷ் போகாட், சாக்‌ஷி மாலிக் உள்ளிட்டோர் டெல்லி ஜந்தர் மந்தரில் உட்கார்ந்தார்கள். மல்யுத்தக் கூட்டமைப்பின் அன்றைய தலைவர் பிரிஜ் பூஷண் சரண் சிங் மீது பாலியல் தொல்லைக் குற்றச்சாட்டு. அவர் அதை மறுத்தார். விவகாரம் உச்ச நீதிமன்றம் போன பிறகே, ஏப்ரல் கடைசியில், காவல்துறை வழக்குப் பதிந்தது. மே 28 அன்று அந்த வீராங்கனைகள் தெருவில் இழுத்துச் செல்லப்பட்டார்கள். உலகப் பதக்கமும் ஒலிம்பிக் பதக்கமும் வென்ற, எவரையும் தூக்கிப் போடத் தெரிந்த பெண்கள் அவர்கள். அவர்களுக்கே இந்தக் கதி என்றால், வார்த்தையைத் தவிர வேறு பலமில்லாத மாணவியிடம் போய் 'தைரியமாகச் சொல்' என்கிறோமே, கேட்கிற காது தயாராக இருக்கிறதா? அந்த டிசம்பரில் சாக்‌ஷி தன் காலணிகளை மேசைமேல் வைத்துவிட்டு விளையாட்டிலிருந்து விலகினார். அவருக்குத் தன்மேல் நம்பிக்கை குறைந்திருந்தது என்று யாரும் சொல்ல முடியாது.

நிறுத்துப் பார்ப்பவர்கள்

வினேஷ் உலகப் போட்டியில் இரண்டு வெண்கலம் வென்றது 53 கிலோ பிரிவில். முழங்கால் அறுவை சிகிச்சையில் அவர் ஓய்ந்திருந்த 2023இல் அந்தப் பிரிவின் ஒலிம்பிக் இடத்தை அன்திம் பங்கால் பெற்றுத்தந்தார். வினேஷ் 50 கிலோவுக்கு இறங்கினார். 2024 ஆகஸ்ட் 6 அன்று பாரிஸில், அதுவரை சர்வதேசப் போட்டிகளில் தோற்றே அறியாத ஜப்பானின் யூய் சுசாகியைக் கடைசி நொடிகளில் வீழ்த்தினார். அன்றே மூன்று வெற்றி, இறுதிப் போட்டி உறுதி. அன்று மாலை எடை சுமார் 2.7 கிலோ கூடியிருந்தது. இரவெல்லாம் சாப்பிடவில்லை, தண்ணீர் குடிக்கவில்லை, வியர்க்க ஓடினார், முடியை வெட்டினார்கள். காலையில் 100 கிராம் அதிகம். விதிப்படி கடைசி இடம். விளையாட்டுக்கான நடுவர் மன்றம் அவர் மேல் எந்தத் தவறான செயலும் இல்லை என்றது, மனுவையும் தள்ளுபடி செய்தது.

விதி எல்லோருக்கும் ஒன்றுதானே, அவராகத்தானே 50ஐத் தேர்ந்தெடுத்தார் என்று கேட்டவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. எடைப் பிரிவு இல்லாவிட்டால் சிறிய உடம்புள்ள பெண்தான் முதலில் அடிபடுவாள். அந்தக் காலை தராசு யாரையும் ஏமாற்றவில்லை. தராசுக்கு முன்னால் நடந்ததைத்தான் பார்க்க வேண்டும். உலகப் போட்டியில் பெண்களுக்குப் பத்து எடைப் பிரிவுகள், ஒலிம்பிக்கில் ஆறு. 53க்கும் 57க்கும் நடுவே உடம்பு உள்ளவள் ஏறவோ இறங்கவோ வேண்டும். ஆண்களுக்கு இரு வகை மல்யுத்தமும் சேர்த்து ஒலிம்பிக்கில் பன்னிரண்டு பிரிவுகள். பெண் மல்யுத்தமே 2004இல்தான் ஒலிம்பிக்கில் நுழைந்தது. போராட்டத்தில் போன மாதங்களையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். தேர்வு அவருடையதுதான். ஆனால் கதவுகளின் எண்ணிக்கையை அவர் முடிவு செய்யவில்லை.

வினேஷுக்காவது 50 என்ற எண் முன்கூட்டியே தெரியும். எங்கள் மாவட்டத்துக் கத்தக்குறிச்சி சாந்தி சௌந்தரராஜனுக்கு அதுவும் தெரியாது. செங்கல் சூளைத் தொழிலாளிகளின் மகள், தலித் பெண். 2006 டிசம்பரில் தோகா ஆசிய விளையாட்டில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்றார். சில நாட்களில் பாலினப் பரிசோதனை, பதக்கம் பறிப்பு, செய்தி உலகமெங்கும். அவர் எந்த மருந்தும் எடுக்கவில்லை. பிறந்த உடம்போடு ஓடினார். அவ்வளவுதான். 2012இல் அவர் செங்கல் சூளையில் கூலி வேலை செய்துகொண்டிருந்தார்.

சாந்தியிடம் இலக்கு இருந்தது, உழைப்பு இருந்தது, தன்மேல் நம்பிக்கையும் இருந்தது. இல்லாமலிருந்தது, அவருக்காகப் பேச வேண்டியவர்களின் குரல். ஒடிசாவின் டூட்டி சந்த் 2014இல் இதே போன்ற நிலையில் நின்றபோது வழக்கறிஞர்களும் அமைப்புகளும் கூட நின்றார்கள். 2015இல் அந்த விதியே நிறுத்திவைக்கப்பட்டது. இருவரில் ஒருவருக்குத் தன்னம்பிக்கை அதிகம் என்பதால் நேர்ந்த வித்தியாசம் இது இல்லை. சாந்தி பிறகு பயிற்சியாளராகி, பிள்ளைகளை ஓடப் பழக்கினார். அதை நாம் 'மீண்டெழுந்தார்' என்று ஒரே வார்த்தையில் கொண்டாடிவிட்டுப் போகக் கூடாது. எழுந்தது அவர் பெருமை. விழவைத்தவர்களின் கணக்கு இன்னும் தீரவில்லை.

அறிவுரை சொல்கிறவரின் கடன்

அப்படியானால் எல்லாம் சமூகத்தின் கையில், பெண் செய்ய ஒன்றுமில்லை என்று ஆகிவிடுமா? ஆகாது. 1943 வங்கப் பஞ்சத்துக்கு அடுத்த ஆண்டு கொல்கத்தா அருகே சிங்கூரில் எடுத்த ஒரு கணக்கெடுப்பை அமர்த்தியா சென் பலமுறை எடுத்துக்காட்டியிருக்கிறார். மனைவியை இழந்த ஆண்களில் 48.5 சதவீதத்தினர் தங்களுக்கு உடம்பு சரியில்லை என்றார்கள். கணவனை இழந்த பெண்களில் அப்படிச் சொன்னவர்கள் வெறும் 2.5 சதவீதம். அந்தப் பெண்கள் ஆண்களைவிட ஆரோக்கியமாக இருந்தார்கள் என்று யாரும் நம்ப மாட்டார்கள். தங்கள் வலியை வலி என்று எண்ணவே அவர்கள் பழக்கப்படவில்லை.

இங்கேதான் வீராங்கனையின் அறிவுரைக்கு உண்மையான மதிப்பு வருகிறது. 'எனக்குப் பசிக்கிறது', 'எனக்கு வலிக்கிறது', 'எனக்கு இன்னும் கொஞ்சம் போடு' என்று சொல்ல ஒரு பெண் பழகுவது மற்ற உரிமைகளுக்கெல்லாம் முந்தியது. வெளியே நியாயம் வரும்வரை காத்திருந்து அதைச் சொல்ல முடியாது. சொல்லச் சொல்லத்தான் நியாயம் எங்கே குறைகிறது என்பதே தெரியவரும். அவ்வளவு தூரம் அது அவள் கையில் இருக்கிறது.

அதற்கப்பால் உள்ளது சொல்கிறவர்களின் கடன். மேடையில் 'சத்தாகச் சாப்பிடு' என்று பேசும் ஆசிரியர், பத்தாம் வகுப்போடு முட்டை நின்றுபோகும் பெண் பதினொன்றாம் வகுப்பில் எதைச் சாப்பிட்டு ஓடுவாள் என்றும் கேட்க வேண்டும். 'உன்னை நம்பு' என்கிற அப்பா, மாலை ஆறு மணிக்கு மைதானத்திலிருந்து திரும்பும் மகளை ஊர் என்ன சொல்லும் என்று யோசிக்காமல் இருக்கப் பழக வேண்டும். அம்மாக்களாகிய நமக்கும் பங்குண்டு: இன்று இரவு மகளோடு சேர்ந்து உட்கார்ந்து, அதே அளவு போட்டுக்கொண்டு, அதே நேரத்தில் சாப்பிடுவது. கடைசியாகச் சாப்பிடும் அம்மாவைப் பார்த்து வளரும் பெண்ணுக்கு, எத்தனை வீராங்கனைகள் வந்து பேசினாலும், தன் பசி முக்கியம் என்று நம்புவது கடினம்.