அடிநீரும் ஆணவமும்

தேக்குப் பலகை பதித்த தரை ஐப்பசி மழைக்குப் பின் நடுவே உப்பி எழும்பிவிட்டால், வீட்டுக்காரர் முதலில் தேடுவது சுத்தியலையும் ஆணியையும்தான். அடித்த இடம் அடங்கும். இரண்டு முழம் தள்ளி வேறோரிடம் எழும். நார் ஓடும் திசையில் மரம் அதிகம் நீளாது. ஈரம் ஏறினால் குறுக்கே அகன்றே தீரும். சுவரோரம் அரை அங்குல இடமும் விடாமல் முட்டப் பதித்த தளமாயிருந்தால், அகல வழியற்ற பலகை மேல்நோக்கித்தான் போகும். ஆதலால் விஷயமறிந்த ஆசாரி பலகையின்மேல் கை வைக்குமுன் கசியும் குழாயையோ உலராத காரையையோ தேடிப் போவார். ஈரத்தோடு சீவிய பலகை, காய்ந்த பின் நடு மேடிட்டு நிற்கும் என்பது அவருக்குத் தெரியும்.

நெய்வேலிச் சுரங்கத்தின் தரைக்கும் இதே நியாயந்தான். 1930-களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது வெளிப்பட்ட பழுப்பு நிலக்கரியை வெட்டி எடுப்பதற்கு, பொறியாளர்கள் அதன் அடியில் கிடக்கும் ஊற்றுநீரோடு முதலில் வழக்காட வேண்டியிருந்தது. அந்நீர் சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ வரை அழுத்தத்தோடு நிலக்கரிப் படுகையை மேல்நோக்கி முட்டிக்கொண்டிருக்கிறது. மேல்மண்ணின் பாரத்தை அகற்றும்போது அவ்வழுத்தத்தையும் தணிக்காவிட்டால், படுகை பிளந்து சுரங்கம் வெள்ளக்காடாகும். ஆழ்துளைக் கிணறுகளால் இரவும் பகலும் இறைத்து அழுத்தத்தைத் தணிக்கிறார்களேயன்றி, நீரை அடியோடு ஒழிக்க எவரும் முற்படவில்லை.

மனத்தின் அடியில் கிடக்கும் ஆணவத்துக்கும் இந்நியாயம் பொருந்தும். நெய்வேலி இருக்கும் இதே கடலூர் மாவட்டத்துப் பெண்ணாகடத்தில் பிறந்தவராகச் சொல்லப்படும் மெய்கண்டார் வழிவந்த சைவ சித்தாந்தம், உயிரை அநாதியே பற்றிய மாசாகிய ஆணவ மலம் முத்தியிலும் அழிவதில்லை, அதன் சக்தி மாத்திரமே அடங்குகிறது என்று கூறுகிறது. நோய் எஞ்சியிருக்க விடுதலை எப்படி, அருளுக்குப் பெருமைதான் என்ன என்று பிற மதத்தார் ஆட்சேபிக்கிறார்கள். அநாதியானதற்கு அழிவு கூறுதல் தர்க்க விரோதம் என்பது சித்தாந்தியின் விடை. அந்தத் தர்க்கத்தைக் காட்டிலும், அவர் மனித சுபாவத்தைக் கண்டறிந்த நேர்மையே என்னைக் கவர்கிறது. 'நான் அகங்காரத்தை வென்றேன்' என்று ஒருவர் சொல்லும் அந்தக் கணமே அகங்காரம் வேறிடத்தில் உப்பி எழுவதை மடங்களிலும் மேடைகளிலும் நாம் காணாததா? குடும்பம், கடமை, உலகாசாரம் என்ற மேல்மண்ணை ஒரே வீச்சில் வாரியெறிந்து துறவு பூண்டவர்களுள் சிலருக்கு, முன்பு இல்லறத்தில் அமுங்கிக் கிடந்த செருக்கு பின்னர்க் கட்டுக்கடங்காமற் பீறிட்டதற்கும் காரணம் இதுவென்றே கருதுகிறேன். சரியை, கிரியை, யோகம், ஞானம் என்ற படிமுறை நித்தியாநுஷ்டானமாக விதிக்கப்பட்டிருப்பதும், ஒருநாள் செய்து முடித்துவிடும் காரியமாக விதிக்கப்படாததும், எனக்கு இவ்விடத்தில்தான் பொருள்படுகின்றன.

ஆயினும் உவமையை எல்லை மீறி இழுக்கலாகாது. சுரங்கத்து நீர் இறைக்கப்படுவதால் தம் கிணறுகளின் நீர்மட்டம் இறங்கிவிட்டதென்று சுற்றுவட்டார உழவர்கள் நெடுங்காலமாக முறையிடுகிறார்கள். ஒருவர் தம் ஆணவத்தைத் தணித்துக்கொள்வதால் அண்டை வீட்டாருக்கு அப்படியொரு நஷ்டமும் நேர்வதில்லை.