எரிந்தது யார், எரிய விட்டது யார்?

அப்பா விட்டுப்போன 1984 மாடல் பெட்ரோல் அம்பாசடர் ஒன்று என்னிடம் இருக்கிறது. 2014-ல் அம்பாசடர் தயாரிப்பே நின்றுபோய்விட்டது. 'வித்துத் தொலைங்களேன்' என்று வீட்டில் சொல்லாத நாளில்லை. மனசு வரவில்லை.

மூன்று மாதத்தில் மூன்று தடவை வண்டி நடுவழியில் நின்றது. மூன்று தடவையும் எங்கள் ஏரியா மெக்கானிக் சி.பி. பாயிண்ட்டை மாற்றினார். நான்காவது தடவை, சேலத்திலிருந்து தர்மபுரி போகும்போது தொப்பூர் கணவாய் ஏற்றத்தில் நின்றது. பின்னால் வரிசையாக லாரிகள். எனக்கு வந்ததே கோபம்! 'அந்த ஆள் சரியான திருடன், அவர்கிட்டே போகாதீங்க' என்று நாலு நண்பர்களுக்கு அங்கிருந்தே போன் போட்டேன்.

தர்மபுரியிலிருந்து வந்த பெரியவர் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றினார். பாயிண்ட் கருகிக் கிடந்தது. ''பார்த்தீங்களா, மட்டமான பாயிண்ட்!'' என்றேன்.

''எரிஞ்சது இதுதான் சார். எரிய விட்டது அது'' என்று, பக்கத்தில் விரல் நுனி அளவிலிருந்த ஒரு குப்பியைக் காட்டினார். கண்டென்சர்.

விஷயம் இதுதான். பாயிண்ட் சேர்ந்திருக்கும்போது பேட்டரியின் 12 வோல்ட் மின்சாரம் காயிலில் ஓடுகிறது. பாயிண்ட் பிரிந்ததும் அந்த ஓட்டம் சட்டென்று அறுபட வேண்டும். அப்போதுதான் காயிலில் பல ஆயிரம் வோல்ட் எழும்பி, பிளக்கில் பொறி தெறிக்கும். பிரிகிற இடத்திலேயே பொறி பறந்து வீணாகாமல், அந்த வேகத்தைத் தான் வாங்கிக்கொள்வது கண்டென்சர். அது பழுதானால் நீங்கள் நூறு பாயிண்ட் மாற்றினாலும் நூறும் கருகும். எஞ்சின் சூடானதும் காலை வாருவது பழுதான கண்டென்சரின் வழக்கமாம்.

பி.காமில் 'அனாமத்துக் கணக்கு' என்று ஒன்று படித்தோம். டிரையல் பேலன்ஸ் டாலி ஆகவில்லையா? வித்தியாசத்தைத் தூக்கி அதில் போட்டுவிடலாம். இரண்டு பக்கமும் சமமாகிவிடும். தப்பு மட்டும் உள்ளேயே உட்கார்ந்திருக்கும். ஏரியா மெக்கானிக் செய்தது அதுதான். காரணத்தைத் தேடாதது அவர் குறை. ஆனால், அவர் மாற்றியது நிஜமாகவே கருகிய பாயிண்ட். அவர் திருடன் இல்லை.

சரி, நான் மட்டும் என்ன செய்தேன்? அவர் கண்ணில் பட்ட பாயிண்ட்டைக் குற்றவாளி ஆக்கினார். நான் கண்ணில் பட்ட அவரைக் குற்றவாளி ஆக்கினேன்.

உங்கள் வீட்டிலும் ஆபீஸிலும் எப்போதும் எரிந்து விழுகிற ஒருவர் இருப்பார். 'அவர் சுபாவமே அப்படி' என்று நாம் ஃபைலை மூடிவிடுகிறோம். அவர் தலையில் வந்து விழுகிற பொறி எங்கிருந்து வருகிறது, யார் வாங்கிக்கொள்ள வேண்டியது என்று ஒருநாளாவது பார்த்திருக்கிறோமா?

புது கண்டென்சர் போட்டதும் வண்டி கிளம்பிவிட்டது. தர்மபுரி போய்ச் சேர்ந்ததும் அந்த நாலு பேருக்கும் மறுபடி போன் செய்து, 'நான் சொன்னது தப்பு' என்றேன். 'திருடன்' என்றபோது நாலு பேரும் கதை கேட்டார்கள். இப்போது இரண்டு பேர், 'அப்புறம் பேசறேன்' என்று வைத்துவிட்டார்கள்.