புழுதி விதைப்பும் திருவருளும்

வற்றாத ஆறென்று ஒன்றும் ஓடாத யாழ்ப்பாணக் குடாநாட்டிலே, ஆவணி புரட்டாதியில் காய்ந்த புழுதியில் நெல்லை எறிந்துவிட்டு ஐப்பசி மழைக்காக வானத்தை அண்ணாந்து பார்த்திருக்கும் கமக்காரனின் செய்கை முயற்சியா, சரணாகதியா என்னும் பிரச்சினை, தென்மராட்சியில் பெண்ணெடுத்து மாமனாரோடு வயலில் இறங்கிய ஓர் ஐரோப்பிய நண்பருக்குத்தான் முதலில் உறைத்தது. "மழை வராவிட்டால்?" என்று அவர் கேட்க, மொட்டைக்கறுப்பன் நெல்விதையைக் கடகத்திலிருந்து அள்ளி விசிறியபடியே, "விதைக்கிறது எங்கடை வேலை, தம்பி, பெய்யிறது அவன்ரை வேலை" என்றாராம் கிழவர்.

இதனை விதிவாதமென்று தள்ளுவது அவசர புத்தி. விதிவாதி களை பிடுங்குவதில்லை. இவரோ மார்கழிக் குளிரில், கணுக்கால் புதையும் சேற்றில் குனிந்து, கோரையைக் கிழங்கோடு கெல்லி எடுப்பவர். வினை சடமாதலால் தானே பயன் தராது, அதனைக் கூட்டுவிப்பவன் இறைவனே என்னும் சைவ சித்தாந்தக் கொள்கை மாணாக்கரை அலுக்கச் செய்யும் தர்க்கமாயிருக்கலாம். வயல்வரம்பில் அது அன்றாட அனுபவம்.

அந்த அனுபவம் வழிபாடாகவும் வெளிப்படுகிறது: தைப்பூசத்துக்கு முதல்நாள் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலார் மறவன்புலவு வயலில் புதிர் என்னும் புதுக்கதிரை அறுத்துச் சந்நிதிக்குக் கொண்டுசெல்வது நெடுநாள் வழக்கம். மருமகன் இப்போது மழைக்கணக்கு எழுதக் கொப்பியும் வைத்திருக்கிறார், வீட்டில் புதிரும் எடுக்கிறார். இவற்றிடையே முரண்பாடு இருப்பதாக மாமனார் கருதவில்லை, நானுங் கருதவில்லை.