ஒளியும் அறமும்: வன்னிக் களப்புகளிற் பறவைப் படம்பிடித்தல் குறித்து ஒரு நோக்கு

அழகினைக் காணுதல் குற்றமாகுமா என்னும் வினா பொதுவாக எழுப்பப்படுவதில்லை. காண்போன் எதனையும் எடுத்துச் செல்லாமையால் எவர்க்கும் இழப்பில்லை எனக் கொள்ளப்படுகின்றது. ஆயின், காட்சியினைப் படமாக்கிப் பிறர்முன் வைக்கும்போது அது ஒரு கூற்றாகிவிடுகின்றது. கூற்று எதுவாயினும் அதற்கு மெய்ம்மை பற்றிய பொறுப்பு உண்டு. வன்னி நிலத்திற் காட்டுத் தாராக்களைப் படம்பிடிக்கும் வழக்கினை இந்நோக்கில் ஆராய்தல் தகும்.

வாடைக்காற்று வீசும் மாரியிலே ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, தட்டைவாயன் முதலிய தாராக்கள் சைபீரியா, நடு ஆசியா ஆகிய வடபுலங்களிலிருந்து சுண்டிக்குளம், நந்திக்கடல், கொக்கிளாய் ஆகிய களப்புகளை நாடி வருகின்றன. இவற்றுள் சுண்டிக்குளம் 1938 இற் பறவைச் சரணாலயமாகவும், 2015 இல் தேசியப் பூங்காவாகவும் பிரகடனஞ் செய்யப்பட்டது. படம்பிடிப்போர் இங்கு விரும்புவது விடியற்பொழுதின் மென்னொளியையே. கதிரவன் தாழ்ந்து நிற்கையில் ஒளி வளிமண்டலத்தினூடே நெடுந்தூரம் கடந்து வருதலால் அதன் கடுமை தணிகின்றது. அவ்வொளியில் ஆண் தட்டைவாயனின் தலை பச்சை மணிபோல் மின்னும். அப்பச்சை வெறும் சாயப்பொருளால் அமைந்ததன்று. இறகின் நுண்ணமைப்பு ஒளியை மீட்டளிக்கும் முறையினால் தோன்றுவது. காண்போன் சற்றே இடம் மாறினால் அத்தலை கருமையாகத் தோன்றக்கூடும். நிறமே காண்போன் நிற்கும் இடத்தைச் சார்ந்ததெனின், படம் எந்நிலையினின்று எடுக்கப்பட்டது என வினவுதல் நியாயமேயாகும்.

முதற்கடமை பறவைக்குரியது. கமராவுக்கும் துப்பாக்கிக்கும் உள்ள ஒப்புமையை 1977 இல் வெளிவந்த தமது ஒளிப்படக்கலை பற்றிய நூலிற் சூசன் சொன்ராக் சுட்டிக்காட்டினார். சிறகு விரியும் கணத்துக்காகக் கூட்டத்தைப் படகினால் விரட்டுபவன் அவ்வொப்புமையை மெய்ப்பிக்கின்றான். வீணே எழுந்து பறக்கும் ஒவ்வொரு முறையும், நெடும்பயணத்திற்கெனச் சேமித்த கொழுப்பில் ஒரு பகுதி செலவாகின்றது. சேற்றோரத்தில் அசையாது காத்திருப்பவனுக்கு முன்னே தாராக்கள் அச்சமின்றி மேய்கின்றன. அச்சத்தைப் பதிவுசெய்த படம் எத்துணை வண்ணமுடையதாயினும் பறவையின் இயல்பைக் காட்டியதாகாது.

இரண்டாங் கடமை நிலத்துக்குரியது. நந்திக்கடலுக்கும் பெருங்கடலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய முள்ளிவாய்க்கால் நிலத்திலேதான் 2009 மே மாதத்தில் யுத்தம் முடிவுற்றது. ஆயிரக்கணக்கான பொதுமக்கள் அங்கு மாண்டனர். உயிர் தப்பியோர் பலர் களப்பு நீரைக் கடந்தே வெளியேறினர். இன்றும் அந்நீரை நம்பி மீனவக் குடும்பங்கள் வாழ்கின்றன. அங்கு எடுக்கப்பட்ட தாராப் படத்தின்கீழே 'மனிதர் காலடி படாத இயற்கை' என எழுதுவோன், பறவையைப் பற்றி மெய்யும் நிலத்தைப் பற்றிப் பொய்யும் உரைத்தவனாகின்றான்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. மனிதரின் துயரத்தைப் பறவையின்மேல் ஏற்றுவது முறையா? தாரா எந்த யுத்தத்தையும் அறியாது. அதனை அதுவாகவே காண்பதும் ஓர் அறமன்றோ? இம்மறுப்பில் வலிமை இருக்கின்றது. துயருற்ற நிலத்திலே அழகினைக் காணலாகாது என விதித்தால், அந்நிலத்து மக்களுக்கும் எஞ்சியிருக்கும் மகிழ்ச்சியை மறுத்தவராவோம். நந்திக்கடலோரத்திலே வளரும் குழந்தைக்கு நீலச்சிறகியைக் கண்டு வியக்கும் உரிமை வேறெந்தக் குழந்தைக்கும் உள்ளதே.

எனினும், வியப்பதற்காக மறக்கவேண்டும் என்பதில்லை. தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாகவும், பறவையைக் கருப்பொருளாகவும், மாந்தர் ஒழுக்கத்தை உரிப்பொருளாகவும் வகுத்து, அவற்றுள் உரிப்பொருளையே தலையாயதாகக் கொண்டது. கடலும் கடல்சார்ந்த இடமுமாகிய நெய்தலுக்கு உரைகாரர் வகுத்த உரிப்பொருள் இரங்கல் ஆகும். பறவையைப் பாடிய புலவர் நிலத்தைத் துறக்கவில்லை. நிலத்தின் இரங்கலைப் பாடியமையாற் பறவையின் அழகு குன்றவுமில்லை.

படச்சட்டகத்துள் தாரா மட்டுமே நிற்கலாம். அதன்கீழ் இடத்தின் பெயரும் ஆண்டும் பிழையின்றி எழுதப்படல் வேண்டும். நந்திக்கடல் என்னும் பெயரை மறையாது எழுதுவதே படம்பிடிப்போன் அந்நிலத்துக்குச் செய்யக்கூடிய மிகச்சிறு மரியாதை. அதனினுங் குறைந்தது அறமாகாது.