கம்பத்தில் யாரோ ஒருவர்

2016 டிசம்பர் 12. வர்தா புயல் அடித்து ஓய்ந்தது. மறுநாள் அம்பத்தூரில் எங்கள் தெருவெல்லாம் மரங்கள். கரண்ட் இல்லை. எதிர்வீட்டு நண்பர் ஒரு ஜெனரேட்டரை வாடகைக்குப் பிடித்துவிட்டார். இரண்டு முனையிலும் பிளக் வைத்த ஒயர். ஒரு முனை ஜெனரேட்டரில். மறுமுனையைச் சுவர் பிளக் பாயின்ட்டில் செருகப் போனார்.

''சார், நிறுத்துங்க!'' என்றார், ஒயரிங் பார்க்க வந்த எலெக்ட்ரீஷியன்.

''ஏம்ப்பா, எங்க வீட்டுக்குத்தானே எடுக்கறேன்?''

''உங்க வீட்டோட நிக்காது சார். மீட்டர் வழியா தெருவுக்குப் போகும். 11,000 வோல்ட்டை இறக்கித் தர்ற டிரான்ஸ்ஃபார்மர், உங்க 230-ஐ திரும்ப ஏத்தி அனுப்பும். கரண்ட் இல்லைன்னு நம்பி ஒருத்தர் கம்பத்துல கை வெச்சா..?''

நண்பர் பிளக்கைக் கீழே வைத்துவிட்டார்.

''இனிமே ஞாபகமா மெயினை ஆஃப் பண்ணிடறேன்ப்பா.''

''ஞாபகத்தை நம்பாதீங்க சார். சேஞ்ச்-ஓவர் ஸ்விட்ச் போட்டுக்கலாம். ஒண்ணு இ.பி., இல்லேன்னா ஜெனரேட்டர். ரெண்டும் ஒண்ணா சேரவே சேராது.''

நண்பர் நல்லவர். பேரனுக்கு ஃபேன் ஓடினால் போதும் என்று நினைத்தவர். ஆனால், கம்பத்தில் ஏறியிருப்பவருக்கு அவருடைய நல்ல மனசால் என்ன பயன்?

யாருக்கும் கெடுதல் நினைக்காமல் இருப்பது சுலபம். நாம் மறந்துபோனாலும் அடுத்தவருக்குக் கெடுதல் வராதபடி முன்கூட்டியே ஒரு ஏற்பாடு செய்துவைக்கிறோமா?

அந்த ஏற்பாடுதான், முகம் தெரியாத மனிதருக்கு நாம் காட்டும் அன்பு!