தீட்டு யாருடையது?

சென்னை தட்டையான ஊர். கழிவுநீர் தானாகச் சரிந்து ஓடப் போதிய வாட்டம் இல்லாததால், பாதாளச் சாக்கடையில் சேர்வதை ஆங்காங்கே பம்பிங் ஸ்டேஷன் வைத்து ஏற்றித்தான் சுத்திகரிப்பு நிலையத்துக்கு அனுப்ப வேண்டியிருக்கிறது. மயிலாப்பூர் மடப்பள்ளி கழுவிய நீரும் மீன்கடை கழுவிய நீரும் குழாய்க்குள் போய்விட்டால் ஒன்றுதான். எது யார் வீட்டுக் கழிவு என்று எந்த ஆகமமும் பிரித்துச் சொல்லிவிட முடியாது. அடைப்பெடுக்க இறங்குபவருக்கு மட்டும் சாதி உண்டு. பெரும்பாலும் அவர் தலித். தீட்டு அழுக்கின் குணம் என்றால், அழுக்கை உண்டாக்கியவரை அல்லவா அது முதலில் பிடிக்க வேண்டும்? எடுப்பவரை மட்டும் பிடிக்கிறது. ஆகவே தீட்டு என்பது பொருளின் குணமல்ல, பொறுப்பைத் தள்ளிவிடுகிற ஏற்பாடு என்பேன்.

ஆசாரம் அந்தக் காலத்துச் சுகாதாரம் என்று சிலர் வாதிடுவார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. சுகாதாரமென்றால் சோப்புப் போட்டுக் குளித்ததும் கணக்கு தீர வேண்டும். அறுவை மருத்துவர் குடலையே கையில் பிடிக்கிறார். கழுவிவிட்டு வந்தால் அந்தக் கையைக் கும்பிடுகிறோம். சாக்கடையில் இறங்கியவர் எத்தனை முறை குளித்தாலும் கணக்கு தீர்வதில்லை. இத்தனைக்கும் அந்தக் குழிக்குள் உயிருக்கே உத்தரவாதமில்லை. ஹைட்ரஜன் சல்பைடு கொஞ்சமாக இருக்கையில் அழுகிய முட்டைபோல் நாறும். அதிகமானால் மூக்கு மரத்து, நாற்றமே தெரியாது. மயங்கி விழுந்தவரைத் தூக்க இறங்குபவரும் பல நேரம் அங்கேயே சாகிறார். பாதுகாப்புக் கருவியின்றி ஆளை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. 2023இல் உச்ச நீதிமன்றம் சாக்கடை மரணத்துக்கான இழப்பீட்டை 10 லட்சத்திலிருந்து 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. தடை வந்து பத்தாண்டு கழித்தும் சாவுக்குத் தொகை திருத்த வேண்டியிருந்தது! இயந்திரம் வந்தால் தீராதா என்றால், உயிர் தப்பும். சின்ன விஷயமில்லை, வரட்டும். அந்த இயந்திரத்தின் குழாயைப் பிடிக்க யாரைக் கூப்பிடுகிறோம் என்பதை அது மாற்றாது.

கடல் எல்லாவற்றையும் தூய்மையாக்கும் என்பது கடைசி வாதம். உப்பும் வெயிலும் கிருமிகளைக் கொல்வது உண்மைதான். ஆனால் கூவத்தின் முகத்துவாரத்தை மணல் அடைத்துக்கொண்டால் கழிவு கடலைச் சேராமல் ஊருக்குள்ளேயே தேங்கும். மழைநீர் வடிகாலில் திருட்டு இணைப்புக் கொடுத்து வீட்டுக் கழிவை விட்டவர், மாசிமகத்தன்று அந்த முகத்துவாரத்துக்குத் தெற்கே மெரினா தீர்த்தவாரியில் தாராளமாக முழுக்குப் போடலாம்; எந்தச் சாஸ்திரமும் அவரை மறிக்காது. அவர் விட்டதை அள்ளுபவரின் முன்னோரைத்தான் 1947இன் ஆலயப் பிரவேசச் சட்டம் வரும்வரை பல கோயில்கள் வாசலுக்கு வெளியே நிறுத்தியிருந்தன.